அம்மா திரும்பி வருவதற்காக ஒரு வெப்சைட்

நீங்கள் இரண்டு பேரும் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்றுதான் நான் பருத்தேன். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை மக்களே, நடந்தது அப்படி. அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன புதிதில் நான் வைத்த சோறும் குழம்பும் உங்களுக்கு இறங்கவில்லை. மகளுக்குத் தீயலில் புளி கூடுதல். மகனுக்குச் சோறு குழைந்துவிட்டது. பாதித் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழும்பிவிடுவீர்கள். நானோ ஆரியசாலையில் பலசரக்கு மொத்தக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று பிழைக்கிறவன். சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வராது. முதலில் என் தட்டு, பிறகு மகளுடையது, பிறகு மகனுடையது. பாத்திரம் கழுவ உட்காரும்போது எழுந்திருக்க முடியாதபடி ஆகிவிடும்.

இப்போது நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். என்னுடைய வெப்சைட்டைப் பற்றி உங்கள் கூட்டுக்காரர்களிடம் சிரித்துச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அரிசிக்கடைக்காரர் உடல் மெலிய வழி சொல்லித்தருகிறார் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது எதற்காகத் தொடங்கியது என்று உங்களிடம் ஒரு தடவையும் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். மலையாளத்தில் படித்த நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். நானும் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். அதனால் எனக்கும் உங்களுக்கும் சரியாகப் போகும்.

அம்மா ஊரில் இல்லாத அந்த நாட்களில் காலையில் ஒரு தடவை வீடியோ காலில் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது, மூஞ்சி போனுக்குள்ள அடங்கல்லியே."

"போனைக் கிட்ட வச்சிருக்கேன். அதாக்கும்."

"தள்ளி வையுங்க, பாக்கட்டும்."

தள்ளி வைத்தேன்.

"இன்னும் தள்ளி."

சுவர் வரைக்கும் கையை நீட்டினேன்.

"இப்பமும் அடங்கல்ல," என்றாள். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. நர்ஸ் அல்லவா. மறுநாளே ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தபோது சர்க்கரை எல்லையில் வந்து நின்றது. டாக்டர் மருந்து எழுதவில்லை, எடையைக் குறைக்கச் சொன்னார்.

"அங்க நீங்க விழுந்தா பிள்ளையள யாரு பாப்பா?" என்று அம்மா கேட்டாள். சாயங்காலத்துக்குள் எனக்கொரு திட்டம் போட்டு அனுப்பிவிட்டாள்.

பெரிய திட்டமெல்லாம் இல்லை. காலையில் இரண்டு தோசை. மதியம் சம்பா அரிசிக் கஞ்சி, கூடவே பயறும் தேங்காய் போட்ட காய்கறித் தோரனும். தட்டில் பாதி காயாக இருக்க வேண்டும். நாலு மணிச் சாயா குடிக்கலாம், கூட வருகிற பழம்பொரியும் ரசவடையும் கூடாது. பிள்ளைகளுக்குக் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைக்க வேண்டும். சாப்பிட உட்காருமுன் தட்டைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும். கடையிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரக்கூடாது, நடந்து வரவேண்டும்.

கடைசியில் சொன்னதுதான் எனக்கு மலையாக இருந்தது. நாள் முழுக்க நின்ற காலோடு, ஆரியசாலையிலிருந்து சாலைக் கடைவீதி வழியாகக் கிழக்கேகோட்டைக்கு வந்து, அங்கே பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் முட்டி மோதி, ஸ்ரீவராகத்துக்கு வருவதென்றால் சும்மாவா? முதல் நாள் பாதி வழியில் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். அப்போது போன் அடித்தது.

"எங்க நிக்குதீங்க?"

"கோட்டைக்கு வந்தாச்சு."

"நிக்குதீங்களா, நடக்குதீங்களா?"

"நிக்கேன்."

"நடங்க. நானும் நடக்கேன்."

அவளுக்கு அது டூட்டி முடிந்து வந்த நேரம். வெளியே அந்த ஊர் வெயில் அனல் விட்டுக்கொண்டிருக்கும். அதனால் நர்சுகள் தங்கும் கட்டிடத்தின் வராந்தாவில், லிஃப்டிலிருந்து கடைசி அறைவரை நடந்து திரும்பி, மறுபடி நடப்பாள். காதில் போன். நான் இங்கே, அவள் அங்கே. வழியில் யார் யாரைப் பார்த்தேன், கடையில் என்ன வழக்கு, பக்கத்து வீட்டு மாமி என்ன கூட்டான் வைத்தாள், நீங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தீர்கள் என்று பேசிக்கொண்டே வருவேன். மாமி வீட்டில்தான் நீங்கள் இருந்து படித்துக்கொண்டிருப்பீர்கள். மாமி வாசலுக்கு நான் வந்ததும், "செரி, பிள்ளையள்ட குடுங்க," என்பாள் அம்மா. சில நாட்களில் பேச்சு முடியாது. அப்போது தெருவை இன்னொரு சுற்று சுற்றி வருவேன். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அப்பா வீட்ட கண்டுபிடிக்காம சுத்துது," என்று கத்துவீர்கள்.

எடை குறைந்தது. கடையில் மூட்டை நிறுக்கிற மெஷின் மேல் ஏறி நின்று பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்றுகொள்வார்கள். "அண்ணாச்சி, இது ஜெயாவா, சம்பாவா? எந்த ரேட்டுல பில்லு போடணும்?" என்பான் ஒருவன். "சரக்கு காயுது, கழிவு போகும், வேகம் வித்துருங்க," என்பான் இன்னொருவன்.

அம்மாவுடைய தம்பி, உங்கள் மாமன், கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவான். என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு அவன்தான் முதலில் சொன்னான்.

"அத்தான், இது நல்ல ஒரு கன்டென்ட் ஆக்கும்."

"அப்பிடீன்னா?"

"நீங்க செய்தத அப்பிடியே தமிழ்ல எழுதினா ஆளு வாசிக்கும். ஆளு வந்தா விளம்பரம் வரும். விளம்பரம் வந்தா வரும்படி வரும்."

"வரும்படி வந்தா உங்க அக்கா வருவாளா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "கேட்டுப் பாருங்க," என்றான்.

கேட்டேன். அன்று சாயங்காலம் கோட்டை மதிலை ஒட்டி நடந்துகொண்டே கேட்டேன். அவள் அந்தப் பக்கம் நடப்பதை நிறுத்தியது தெரிந்தது. செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"இஞ்ச அடுத்த கான்ட்ராக்டுக்கு ஒப்பு போட இன்னும் கொஞ்சம் காலம் இருக்கு," என்றாள். "அதுக்குள்ள வீட்டுல இருந்தே ஒரு வரும்படி ஸ்திரமா வந்தா நான் ஒப்பு போட மாட்டேன். வந்துருவேன்."

"நெஜமாட்டா?"

"நெஜமாட்டு."

இதுதான் மக்களே அந்த வெப்சைட். எனக்கு அது மெலிவதைப் பற்றியது அல்ல. அவள் கையெழுத்துப் போடாமல் திரும்பி வருவதற்கு நான் போட்ட வழி.

உங்கள் மாமன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை உண்டாக்கினான். மதியம் கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில், குடோனில் மூட்டை மேல் உட்கார்ந்து நான் போனில் எழுதுவேன். கஞ்சியைப் பற்றி எழுதினேன். தோரனுக்குத் தேங்காயை எப்படிக் குறைப்பது என்று எழுதினேன். கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசம் வரும்போது இலையை எப்படி மடக்குவது, விளம்புகிறவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று எழுதினேன். எல்லாம் நம் ஆட்கள் தினம் படுகிற பாடுதானே.

ஒருவரும் வரவில்லை.

உடல் மெலிய என்று தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. பொடி விற்கிறவர்கள், எண்ணெய் விற்கிறவர்கள், தேனும் எலுமிச்சையும் சொல்கிறவர்கள், கொள்ளு சொல்கிறவர்கள். வயிறு ஒட்டிய பெண்கள் ரப்பர் பாயில் நின்று சிரித்தார்கள். சினிமாக்காரர்களுக்குச் சமைத்துப்போட்டவர் என்று ஒருவர் சொல்லிக்கொண்டார். தமிழிலேயே அத்தனை. விரலால் தள்ளித் தள்ளிக் கை வலித்தது, நம்முடையது வரவில்லை.

நெருக்கடியான சந்தை எனக்குப் புதிதல்ல. ஆரியசாலையில் ஒரே வரிசையில் அத்தனை கடையும் ஒரே துவரம்பருப்பைத்தான் விற்கிறது. ஒரே லாரியில் வந்த பருப்பு. ஆனாலும் ஒவ்வொரு கடைக்கும் அதற்கென்று ஆள் உண்டு. மகள் பிரசவம் எப்படி, அண்ணன் கண் ஆபரேஷன் எப்படி என்று கேட்கிற கடைக்கு ஆள் வரும். அதே மாதிரி நாமும் நாலு வார்த்தை அன்பாக எழுதினால் வருவார்கள் என்று நினைத்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். கடைத்தெருவில் வழி தவறியாவது ஒருவர் உள்ளே வருவார், மழைக்காவது ஒதுங்குவார். இங்கே அதுகூட இல்லை.

"படம் போடணும் அத்தான்," என்றான் மாமன். "முன்ன எப்பிடி இருந்தீங்க, இப்பம் எப்பிடி இருக்கீங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. எல்லாரும் அப்பிடித்தான் செய்யுது."

பார்த்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு இடுப்பில் அதை இழுத்துப் பிடித்து, இத்தனை மெலிந்தேன் என்று காட்டுகிறார்கள். பழைய படம் ஒன்று கிடைத்தது. ஒரு கல்யாண வீட்டில், நீலக் கட்டம் போட்ட சட்டையில், பித்தான் தெறிக்கிற மாதிரி நான் நிற்கிறேன். அந்தச் சட்டை இன்னும் இருந்தது. போவதற்கு முன்னால் அம்மா சாலைக் கடைவீதியில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தது. அதையே போட்டுக்கொண்டேன். தோள் இறங்கி, கை முழங்கைக்குக் கீழே வந்து, வயிற்றுப் பக்கம் காற்றில் ஆடியது. குடோன் சுவருக்கு முன்னால் நின்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மாமன் படம் எடுத்து அன்றைக்கே போட்டுவிட்டான்.

நம் தெருக்காரர்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. யாரோ அந்தப் படத்தை அதில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சாயாக்கடைக்காரன் டம்ளரைக் கையில் தராமல் என்னையே பார்த்தான். "வல்லாதெ ஷீணிச்சு போயல்லோ அண்ணாச்சி. எந்து பற்றி?" என்றான். ரொம்ப வாடிவிட்டீர்களே, என்ன வந்தது உங்களுக்கு என்று கேட்கிறான். தினமும் என்னைப் பார்க்கிறவன். நேரில் பார்த்தபோது தோன்றாதது படத்தில் தோன்றிவிட்டது. நான் கேட்காமலே சாயாவில் இன்னொரு கரண்டி சர்க்கரை விழுந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமி மூடி போட்ட பாத்திரத்தோடு நிற்கிறாள்.

"பக்கத்தாத்துல இருந்துண்டு நேக்குத் தெரியலையே. நீங்க பட்டினி கெடக்கறேள்ங்கறதைப் படத்தைப் பாத்துன்னா தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

"பட்டினி இல்ல மாமி. டயட்டு."

"ரெண்டும் ஒண்ணுதான். இந்தாங்கோ, பால் பாயசம். சூடு ஆறறதுக்குள்ள சாப்பிட்டுடணும்."

கடையில் முதலாளி தனியாகக் கூப்பிட்டார். "வீட்டுல கஷ்டம்னா சொல்லப்பிடாதாடே? கடைப் பேருல்லா கெட்டுப்போகும். அரிசிக்கடையில நிக்கவனுக்கு அரிசி இல்லியான்னு கேப்பான்."

"கஷ்டம் ஒண்ணும் இல்ல முதலாளி. வேணும்னே மெலிஞ்சதாக்கும்."

அவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "வேணும்னு எவனாவது மெலிவானா?" என்றார்.

வெப்சைட்டுக்கு ஆள் வந்தது. அதுவரை வராத கூட்டம் வந்தது. எல்லாம் ஸ்ரீவராகமும் ஆரியசாலையும் அவர்களுடைய உறவுக்காரர்களும். கஞ்சியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என்ன அசுகம், எந்த டாக்டர், சுகர் எவ்வளவு, வீட்டில் சமைக்க யாரும் இல்லையா, பெரியம்மாவை வரச்சொல்லட்டுமா என்று எழுதினார்கள். ஒருவர் பத்மநாபசாமிக்கு வேண்டிக்கொண்டதாக எழுதினார்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நாள் கழித்து ஒருவரைப் பார்த்தால், "தடி வச்சிருக்கே, கொள்ளாம்," என்பார்கள். உடம்பு வைத்திருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது அவருக்குச் சொல்வதல்ல, அவர் வீட்டுக்காரிக்குச் சொல்வது. புருஷன் வயிறு என்பது பெண்டாட்டிக்கு ஊர் கொடுக்கிற மார்க். நான் இதில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் போனுக்குள்ளே கண்ட உலகத்தில் ஆட்கள் தொளதொள பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்று கைதட்டு வாங்கியதைப் பார்த்து, நம் தெருவிலும் அதுவே நடக்கும் என்று நினைத்துவிட்டேன். நம் தெருவில் தொளதொள சட்டை என்றால் வீட்டில் பார்க்க ஆளில்லை என்று அர்த்தம். ஊர் முழுக்க அப்படித்தான் அதைப் படித்தது.

அன்று சாயங்காலம் நடக்கத் தொடங்கிய உடனேயே போன் வந்தது.

"அந்தப் படத்த எடுத்துருங்க," என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் ஆளு வருது. வேற ஒண்ணுக்கும் வரல்ல."

"ஆளு எதுக்கு வருதுன்னு தெரியுமா உங்களுக்கு? நான் விட்டுட்டு வந்த மனுசன் எப்பிடிக் கெடக்காருன்னு பாக்க வருது."

நான் கோட்டையைப் பார்த்து வேகமாக நடந்தேன்.

"நாகர்கோயில்ல இருந்து அம்மை கூப்பிட்டா. அனுப்புத பைசால அந்த மனுசனுக்கு ஒரு சட்டை எடுத்துக் குடுக்கப்பிடாதாட்டீன்னு கேக்கா. நான் என்ன சொல்லணும்?"

"டயட்டுன்னு சொல்லு."

"சொன்னேன். டயட்டுன்னா என்ன தீனம்னு கேக்கா."

உங்கள் பாட்டி அதை ஒரு வியாதி என்றே நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "இஞ்ச பாரு, இஞ்ச பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டாள்.

படத்தை எடுக்கச் சொல்லி மாமனிடம் அன்றே சொன்னேன். எடுத்தான். எடுத்ததும் வெப்சைட் பழையபடி ஆளற்றுப் போனது. கான்ட்ராக்ட் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைவிட, சாயங்காலப் போன் வரவில்லை. காலையில் உங்களோடு பேசுவாள். உங்களிடம், "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பது எனக்குக் கேட்கும். நான் கிட்டே வந்தால், "டூட்டிக்கு நேரமாச்சு," என்பாள். ஆரியசாலையிலிருந்து ஸ்ரீவராகம் வரைக்கும் அந்த வழி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோட்டைப் பக்கம் வரும்போது கை தானாகப் பைக்குள் போய்ப் போனைத் தொடும். எடுத்துப் பார்ப்பேன். மறுபடி வைப்பேன். இரண்டொரு நாள் பாதியிலேயே ஆட்டோ பிடித்து வந்தேன். நடப்பதற்கு ஒரு காரணமும் இல்லாத மாதிரி இருந்தது.

அந்த ஆண்டு ஓணத்துக்கு அம்மாவுக்கு லீவு கிடைத்தது. ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவு திறந்து அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டீர்கள். நான் பின்னால் நின்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"படத்துல கண்ட அத்தர மோசம் இல்ல," என்றாள்.

தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அம்மா வெளுத்துவிட்டாள், நல்ல நிறமாகிவிட்டாள் என்றார்கள். என்னைப் பார்த்து, "இனி கொஞ்ச நாளைக்கு இவருக்கு நல்ல சாப்பாடு," என்றார்கள். அவள் எல்லாருக்கும் பேரீச்சம்பழமும் சோப்பும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் விரலைக் கவனித்தேன். கல்யாண மோதிரத்தின் அடிப்பக்கம் கனமாக நூல் சுற்றியிருந்தது. கழன்று விழாமல் இருக்கச் சுற்றுவது. ரவிக்கையின் கை லூசாக இருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது.

தினமும் பார்த்த முகம்தான். போனில் முகம் மட்டும்தானே வரும். அவள் தட்டை நான் ஒரு நாளும் காட்டச் சொன்னதில்லை. என்னைப் பார்த்து ஊரே ஷீணிச்சுப் போனதாகச் சொன்னது. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம், "வாங்க, நடந்துட்டு வரலாம்," என்று அவளே கூப்பிட்டாள். உங்களை மாமியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் சும்மா நடப்பதற்காக நாங்கள் சேர்ந்து நடந்தது அன்றுதான் முதல் தடவை. என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காதில் கேட்டுப் பழகிய குரல் பக்கத்தில் வரும்போது வேறு ஆள் மாதிரி இருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் அவள் சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினாள். நானும் திரும்பினேன். நாலெட்டு நடந்ததும் அவளே நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வராந்தா தீர்ந்து போச்சுன்னு காலு திரும்புது," என்றாள்.

இரண்டு பேரும் அப்போது சிரித்தோம். அதற்குப் பிறகு பேச்சு வந்தது. நூல் சுற்றியதைக் கேட்டேன்.

"நீங்க தினம் தட்ட படம் புடிச்சு அனுப்புதீங்க. அத்தனூண்டு கஞ்சி, அத்தனூண்டு பயறு. அதப் பாத்துட்டு நான் அங்க முழுசா எப்பிடித் திங்க? நானும் அதையே தின்னேன்."

"உனக்கு என்னத்துக்கு டயட்டு?"

"டயட்டுக்கா தின்னேன்?" என்றாள். மீன் விற்கிற ஒரு பெண் வழியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விலை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வரும்போது சொன்னாள்.

"நீங்க எழுதினது எல்லாம் நான் வாசிச்சேன் கேட்டீங்களா. எல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு தூரம் நடங்கன்னு எழுதுதீங்க. யாரு கூட நடந்தீங்கன்னு எழுதல்ல. அது இல்லாம எழுதினா பொய்யாக்கும்."

"உன்ன பத்தி எழுதினா உனக்குக் கொறச்சலாட்டு இருக்கும்னு நெனச்சேன்."

"படம் வேண்டாம். பேரு வேண்டாம். எழுதுங்க."

லீவு முடிந்து அவள் போன பிறகு எழுதினேன். திட்டம் போட்டது யார், தட்டைக் காட்டச் சொன்னது யார், நான் கோட்டையில் நடந்தபோது வராந்தாவில் நடந்தது யார், எல்லாவற்றையும் எழுதினேன். படத்துக்கு வந்த ஆரவாரமெல்லாம் இதற்கு வரவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். பாலராமபுரத்தில் ஒருவர், மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கிடைக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் நடந்தால் எடை குறையுமா என்று கேட்டிருந்தார். துபாயில் கணக்கு வேலை பார்க்கிற பையன் ஒருவன், தென்காசியில் இருக்கிற அப்பாவைத் தினம் நடக்கவைக்க என்ன பேசுவது என்று கேட்டான். இங்கேயே கரமனையில் ஒரு பெண், மகள் ஜெர்மனியில் படிக்கிறாள், அவள் தினம் போனில் கூப்பிட்டு நடக்கச் சொல்கிறாள், தனக்கோ மூட்டு வலி, ஆனாலும் அவள் குரலுக்காக நடப்பதாக எழுதினாள். பொடி விற்கிறவர்களிடம் இவர்கள் போவதில்லை. அங்கே கேட்க முடியாததை இங்கே வந்து கேட்டார்கள். நான் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். சாயங்காலப் போன் திரும்ப வரத் தொடங்கியிருந்தது. நடந்துகொண்டே அவர்களுடைய கேள்விகளைப் பேசுவோம்.

அப்படி ஆள் சேர்ந்தது. ஆனால் ஒவ்வொருவராக வருகிற கூட்டத்தைப் பார்த்து விளம்பரம் வராது. வந்தது வெப்சைட்டை ஓட்டுவதற்குச் சரியாக இருந்தது. மாமன் என்னென்னவோ செய்து பார்த்தான். மெலிகிற பொடி விற்கிற கம்பெனி ஒன்று, உங்கள் பக்கத்தில் எங்கள் படத்தைப் போட்டால் நல்ல தொகை தருவோம் என்று கேட்டது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கரமனைக்காரி அத வாங்கித் தின்னா அவளுக்க கிட்னிக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய பைசா அது. அவளுக்கும் அது தெரியும்.

பிறகு ஒரு நாள் கோட்டை வாசலைக் கடக்கும்போது, "எப்பிடிப் போகுது?" என்று கேட்டாள். கான்ட்ராக்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரம் அது. நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"செரி," என்றாள்.

வீடு வரும்வரை மாமியின் முருங்கை மரம் சாய்ந்ததைப் பற்றியும் மகனுக்குப் பல் விழுந்ததைப் பற்றியும் பேசினோம். இரண்டு நாள் கழித்து, "ஒப்பு போட்டாச்சு," என்றாள்.

அன்றுதான் உங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, அம்மா இப்போதைக்கு வரமாட்டாள் என்று சொன்னேன். மகன் பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தான். மகள்தான் கேட்டாள்.

"அப்பம் ஆ வெப்சைட் இனி எந்தினா அப்பா? பூட்டிக்கூடே?"

இனி அது எதற்கு, மூடிவிடலாமே என்று கேட்டாய். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. நான் தோசை கருகுகிறது என்று அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கே தோசை ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா மறுபடியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெப்சைட்டை நான் இன்னும் மூடவில்லை. மூடினால் அவள் வரமாட்டாள் என்பதற்கு நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு தோன்றல். இதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று மதியமும் ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவிக்கு இந்தத் தடவை லீவு இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து நடக்க மனசு வரவில்லையாம், எடை திரும்ப ஏறுகிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்கிறார். கஞ்சியைப் பற்றி இரண்டு வரி எழுதி அழித்துவிட்டேன். சாயங்காலம் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அவருக்கு எழுத வேண்டும்.